பலகையில் எழுதிய விலை

கண்டி வீதி வழியாக யாழ்ப்பாணத்திற்குப் போவோரும் அங்கிருந்து வருவோரும் முறிகண்டிப் பிள்ளையார் முன்றிலில் வண்டியை நிறுத்தாமற் செல்வது அரிது. தேங்காய் ஒன்றை உடைத்து, திருநீறு பூசி, வழித்துணை வேண்டிக்கொண்ட பின்னர் அடுத்து நாம் செய்யும் காரியம் கச்சான் வாங்குவதுதான். கடை முன்னே போய் நின்றதும் விற்பவர் பொதியைக் காட்டுகிறார், விலையைச் சொல்கிறார். சொகுசுக் காரில் வந்தவருக்கும் பஸ்ஸில் நெரிபட்டு வந்தவருக்கும் அதே பொதி, அதே விலை. உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்பதைக் கண்ணாற் கண்டுகொள்ளலாம். வாங்கியவருக்கும் மனக்குறை இல்லை. விற்றவருக்கும் மனக்குறை இல்லை. அரை நிமிடத்தில் வியாபாரம் முடிந்துவிடுகிறது.

இந்தச் சிறிய பொதிக்குள் ஒரு தொழிலின் உயிர்நிலையே அடங்கியிருக்கிறது என்பதை நான் நெடுநாள் உணர்ந்ததில்லை. உணர வைத்தவர் இரணைமடுவில் வாழும் ஒரு தாயார்.

அவர் எழுதிய கடிதத்தின் சாரம் இது. அவருக்கு ஒரே மகன், வயது இருபத்தாறு. கூட்டாளிகள் பலர் வெளிநாடு சென்றபோதும் தான் ஊரிலேயே தொழில் செய்து முன்னேறுவேன் என்று நின்றவன். இரணைமடுச் சந்திக்கு அண்மையில் வீதியோரமாக ஒரு காணியை வாடகைக்கு எடுத்து, வாகனங்களைக் கழுவித் துப்புரவு செய்யும் நிலையம் ஒன்றைத் தொடங்கினான். நீரை விசையுடன் பாய்ச்சும் இயந்திரமும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் வாங்குவதற்குத் தாயாரின் நான்கு காப்புகளும் அடைவுக்குப் போயின. மீதிக்கு வங்கிக் கடன். தொழிலும் சோர்ந்துவிடவில்லை. காலை முதல் மாலை வரை வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. ஆனால் மாத முடிவில் வட்டி கட்டவும் காசில்லை. “ஐயா, இவ்வளவு சனம் வருகிறதே, காசு எங்கே போகிறது? பிள்ளை களவெடுக்கிறவன் அல்லன், குடிக்கிறவனும் அல்லன். ஒருமுறை வந்து பார்த்துச் சொல்வீர்களா?” என்று கடிதத்தை முடித்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை விடியற்காலையிற் சென்று, மாலை வரை அங்கே ஒரு வாங்கில் அமர்ந்திருந்தேன். பையனுடைய வேலையிற் குறை காண எனக்கு இடமிருக்கவில்லை. வன்னியின் உள்வீதிகளிற் படியும் செம்புழுதியை உலர்ந்த துணியினால் துடைத்தால், மணற்றுகள் வண்ணப்பூச்சின்மேல் உராய்ந்து வட்டவட்டமாகக் கீறல் விழும். அதை அறிந்து, முதலில் நீரினாற் புழுதியைக் கழுவி நீக்கிய பிறகே ஷாம்பூ இட்டான். சில்லுக்கு வேறு வாளி, உடலுக்கு வேறு வாளி. உடுப்புத் தோய்க்கும் தூளை வாகனத்திற்குத் தொடவே மாட்டான். அது மெழுகை அரித்து மினுக்கத்தைக் கெடுக்கும் என்பது அவனுக்குத் தெரியும். உச்சி வெயிலிற் கழுவினால் நீர்த்துளி காய்ந்து வெண்புள்ளி விழுமென்று தகரப் பந்தலின் கீழேயே யாவற்றையும் செய்தான்.

ஆனால் ஒவ்வொரு வாடிக்கையாளரும் “எவ்வளவு தம்பி?” என்று கேட்டபோது அவன் கூறிய மறுமொழிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது.

“பார்த்துத் தாங்கோ, அண்ணை.”

இந்த மூன்று சொற்களே அவனுடைய விலைப்பட்டியல்! ஒருவர் 1,000 ரூபாவை நீட்டுவார். இன்னொருவர் 2,000 கொடுத்து மீதி கேட்பார். பள்ளிக்கூட நண்பன் ஒருவன் மோட்டார் சைக்கிளைக் கழுவுவித்து 200 ரூபா கொடுத்துச் சென்றான். அதன்பின் ஸ்கூட்டியில் வந்த ஆசிரியை ஒருவர், “பார்த்துத் தாங்கோ என்றால் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்கள்” என்று வற்புறுத்தவே, பையன் தயங்கித் தயங்கி 500 என்றான். நண்பன் கொடுத்ததை அவர் கண்டிருந்தார். ஒன்றும் பேசாமற் கொடுத்துவிட்டுப் போனார். அலுவலக ஜீப் ஒன்றுக்கு 3,500 ரூபா கேட்டதும் சாரதி பெருங்குரலில் வாதாடத் தொடங்கி, இறுதியில் 1,800 ரூபாவை எறிந்ததுபோல் வைத்துவிட்டுச் சென்றார். ஒரே நாளில் இருவர் மனம் நொந்து போனதை என் கண்ணாலேயே கண்டேன்.

மாலையில் வந்தவரை நான் மறக்க இயலாது. போரில் ஒரு காலை இழந்தவர். செயற்கைக் காலுடன் முச்சக்கர வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவர். பையன் அவருடைய வண்டியை மற்ற எல்லா வண்டியிலும் பார்க்க அக்கறையாகக் கழுவினான். காசு வாங்க மறுத்துவிட்டான். அவர் இரண்டு முறை நீட்டினார். இரண்டு முறையும் இவன் கையைப் பின்னே கட்டிக்கொண்டான். வண்டியில் ஏறுமுன் அவர் என் அருகே வந்து தாழ்ந்த குரலிற் சொன்னார்: “நல்ல பிள்ளை, ஐயா. ஆனால் காசு வாங்குகிறான் இல்லை. அதனால்தான் மாதத்திற்கு ஒரு முறை மட்டும் வருகிறேன். அடிக்கடி வர மனம் இடந்தருகுது இல்லை.”

பையனுடைய அன்பே அந்த மனிதரைத் தூரத்தில் நிறுத்தியிருந்தது. விலை சொல்லாமை தாராளம் என்று அவன் எண்ணியிருந்தான். உண்மையில் அது விலை தீர்மானிக்கும் சுமையை வாடிக்கையாளர் தலையில் ஏற்றி வைப்பதாகும். ஆசிரியைக்கு அது ஐயத்தைத் தந்தது. சாரதிக்குக் கோபத்தைத் தந்தது. காலை இழந்தவருக்குக் கூச்சத்தைத் தந்தது.

நிற்க. அன்றிரவு தாயார் தந்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே பையனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்தேன். பதினான்கு நாட்களுக்கு, வரும் ஒவ்வொரு வாகனத்திற்கும் நான்கு விபரங்களை எழுதுமாறு கூறினேன்: வாகனம் எது, வேலை என்ன, எத்தனை பேர் எத்தனை நிமிடம் செலவிட்டனர், ஷாம்பூ, மெழுகு முதலியவை எவ்வளவு போயின. வாங்கிய பணத்தை ஐந்தாவதாக ஓரத்தில் எழுதினாற் போதும். விலைப் பலகை எழுதுமுன் செய்ய வேண்டிய முதற்காரியம் இதுதான். அடுத்த கடைக்காரர் என்ன வாங்குகிறார் என்று பார்த்து எழுதுவது இரண்டாவது காரியம். பலர் அதையே முதலிற் செய்து இடறிவிடுகிறார்கள்.

பதினான்கு நாட் கழித்துக் கொப்பியுடன் உட்கார்ந்தோம். வாசக நேயர்கள் இந்தக் கணக்கைச் சிறிது பொறுமையுடன் கவனிக்க வேண்டுகிறேன். எந்தக் கைத்தொழிலுக்கும் இது பொருந்தும்.

காணி வாடகை, கடன் தவணை, மின்சாரம், இயந்திரத் தேய்மானம், அனுமதிப் பத்திரத்திற்கு ஒதுக்க வேண்டியது ஆகிய யாவும் சேர்ந்து வேலைநாள் ஒன்றுக்கு 4,000 ரூபா வந்தது. உதவியாட்கள் இருவருக்கும் 2,500 வீதம் 5,000 ரூபா. “உன் கூலி எங்கே?” என்று கேட்டேன். “எனக்கென்ன ஐயா, அம்மா சோறு போடுகிறாதானே” என்றான். உள்ளேயிருந்த தாயாரின் சிரிப்புக் கேட்டது. அது மகிழ்ச்சிச் சிரிப்பு அன்று. அவனுக்கு 3,000 ரூபா என்று எழுதினோம். ஆக நாட்செலவு 12,000 ரூபா.

மூவர் எட்டு மணி நேரம் நின்றால் 24 மணி நேர உழைப்பு உண்டு. ஆனால் வாகனத்தின்மேல் உண்மையிற் கைபட்ட நேரம் சராசரி 12 மணி என்று கொப்பி கூறியது. மீதி நேரம் காத்திருப்பது, குழாயைச் சுற்றுவது, பேரம் பேசுவது, தேத்தண்ணீர் குடிப்பது. 12,000 ரூபாவை 12ஆற் பிரித்தால், ஓர் ஆளின் ஒரு மணி நேர வேலைக்கு 1,000 ரூபா. இந்த ஓர் எண்தான் திறவுகோல். இதனைக் கையில் வைத்துக்கொண்டு கொப்பியைப் புரட்டினோம்.

மோட்டார் சைக்கிளுக்கு ஒருவர் 20 நிமிடம். ஏறத்தாழ 333 ரூபா. பொருட்செலவு 40. ஆக 373 ரூபா. அவன் சராசரியாக வாங்கியது 400. சிறிது இலாபம்தான், ஆயினும் இலாபம். காரின் உட்புறத்தை முழுவதும் கழுவி, இருக்கைகளுக்கும் தரைவிரிப்புக்கும் ஷாம்பூ இட்டு உலர்த்தி, வெளிப்புறத்திற்கு மெழுகு பூசும் பெரிய வேலைக்கு இருவர் நான்கு மணி நேரம், 8,000 ரூபா. பொருட்செலவு 1,000. ஆக 9,000 ரூபா. அவன் வாங்கியது 6,000.

பையன் நெடுநேரம் அந்த இரு எண்களையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெருமையுடன் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பி வந்த வேலை, காருக்கு 3,000 ரூபா வீதம் தாயாரின் காப்பைத் தின்றுகொண்டிருந்தது. சில்லறை வேலை என்று உதவியாட்களிடம் தள்ளிவிட்ட மோட்டார் சைக்கிள்களே அவர்களுக்குச் சோறு போட்டன. சனம் கூடக் கூட நட்டமும் கூடியது. காசு எங்கே போகிறது என்ற தாயாரின் கேள்விக்கு மறுமொழி அங்கே இருந்தது.

இனிப் பலகைக்கு வருவோம். செலவின்மேல் நூற்றுக்குப் பத்து இலாபம் சேர்த்து, எண்களைச் சற்றே வட்டமாக்கி, மூன்று தொகுப்புகளை அமைத்தோம். முதலாவது, புறக்கழுவல்: உடல், சில்லு, கண்ணாடி கழுவித் துடைத்தல். மோட்டார் சைக்கிளுக்கு 400, முச்சக்கர வண்டிக்கு 900, காருக்கு 1,650, வானுக்கும் ஜீப்புக்கும் 2,400 ரூபா. இரண்டாவது, உள்ளும் புறமும்: மேற்கூறியவற்றுடன் உட்புறத் தூசியை உறிஞ்சி, மிதியடி கழுவி, உட்பலகை துடைத்தல், காருக்கு 2,600 ரூபா. மூன்றாவது, முழுத் துப்புரவு: மெழுகு, இருக்கைக் கழுவல் யாவும் அடங்க, காருக்கு 9,900 ரூபா. இவை அந்த ஒரு நிலையத்தின் வாடகைக்கும் கூலிக்கும் பிறந்த எண்கள். பிறர் இவற்றை அப்படியே எடுத்துத் தம் கடையில் மாட்டினால், அடுத்தவர் செருப்பை அணிந்து நடந்த கதையாகும்.

தொகுப்பு ஏன் மூன்றே? இரண்டு வைத்தால் ஒன்று மலிவு, மற்றது விலையதிகம் என்ற எண்ணமே எழும். ஐந்து, ஆறு என்று எழுதினால் வருபவர் பலகையை அண்ணாந்து பார்த்துக் களைத்து, “ஏதோ பார்த்துச் செய் தம்பி” என்பார். பழைய நோய் திரும்பிவிடும். மூன்று இருந்தாற் பெரும்பாலோர் நடுவிலுள்ளதைத் தொடுவர். ஆகவே நடுவிலுள்ளது நட்டமின்றி அமைந்ததா என்பதை இருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

பலகையில் என்ன அடங்கும் என்று எழுதுவதைப் போலவே என்ன அடங்காது என்றும் எழுத வேண்டும். இரணைமடுவின் கீழ் வயல் வேலை நடக்கும் காலத்தில் வாகனங்களின் அடிப்பாகத்தில் அப்பி வரும் சேறு வேறு. தார்வீதிப் புழுதி வேறு. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன் ஏற்றி வரும் வண்டியின் நாற்றம் இன்னொரு வகை. இவற்றுக்கு அரைமணி நேர உழைப்பு மிகையாகும் என்று கொப்பி சொன்னது; ஆதலால் “சேறும் மீன்நீரும் மிகுந்தால் 550 ரூபா மேலதிகம்” என்று தனிவரியாக எழுதினோம். உழவு இயந்திரங்களுக்கு வேறு வரி. எஞ்சின் கழுவுவதையும் கீறல் நீக்குவதையும் பலகையில் ஏற்றவில்லை. அவை வாகனத்துக்கு வாகனம் வேறுபடுவன. மாரி காலத்தில் இருக்கைகள் உலர ஒரு முழுநாளும் எடுக்கும் என்பதையும் மூன்றாவது தொகுப்பின் கீழே சேர்த்தோம். மேலதிகம் எதுவாயினும் வாகனத்திற் கைவைக்குமுன் சொல்லிவிட வேண்டும். வேலை முடிந்தபின் சொல்லும் மேலதிகம் நியாயமானதாயினும் வஞ்சனை போலவே தோன்றும்.

அடுத்துச் சலுகை. நகரத்திலுள்ள ஒரு கடையைப் பார்த்து, பத்து முறை கழுவினாற் பதினோராவது முறை இலவசம் என்று அட்டை அச்சிடப் பையன் விரும்பினான். கணக்குப் பாருங்கள். செலவின்மேல் பத்தில் ஒரு பங்கு இலாபம் வைத்தோம். பத்துக் கழுவலிற் பெற்ற இலாபம் முழுவதும் பதினோராவது கழுவலின் செலவோடு தீர்ந்துபோகிறது. கையில் மிஞ்சுவது வெறும் அட்டைதான். அப்படியானாற் சலுகையே கூடாதா? கூடும். திங்கள் முதல் வியாழன் வரை உதவியாட்கள் பாதி நேரம் சும்மா இருக்கின்றனர். அவர்களுக்குக் கூலி எப்படியும் போகிறது. அந்த நேரத்தில் ஒரு காரை இலவசமாகக் கழுவினால் மேலதிகமாகச் செலவாவது ஷாம்பூவும் நீரும் அடங்கிய 150 ரூபா மட்டுமே. ஆகவே இலவசக் கழுவல் அந்த நான்கு நாட்களில் மட்டும் செல்லும் என்று அட்டையில் அச்சிட்டோம். சனிக்கிழமை நெருக்கடியும் சற்றுக் குறைந்தது.

விலையை எழுதினால் எத்தனை காலத்துக்கு எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. இதற்கு மறுமொழி தேடி இரணைமடு மக்கள் வேறெங்கும் போக வேண்டியதில்லை. 1902இல் வேலை தொடங்கப்பெற்று, பின்னர் பலமுறை அணை உயர்த்தப்பெற்று, 2018 டிசம்பரில் புதுப்பொலிவுடன் மீண்டும் திறக்கப்பெற்ற அவர்களுடைய குளமே ஆசானாக அருகில் இருக்கிறது. காலபோகமாயினும் சிறுபோகமாயினும் விதைப்புக்கு முன்னே அரச அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளும் கூட்டம் கூடுகின்றனர். குளத்திலுள்ள நீரை அளந்து, எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதியில் மதகு திறப்பது, எந்தத் திகதியில் மூடுவது என்பவற்றைப் பலரறியத் தீர்மானிக்கின்றனர். இருக்கும் நீரை அளவாமல் வாய்க்காலைத் திறப்பவர் யார்? தீர்மானித்த பின்னர் ஆளுக்கொரு வழியாக மாற்றுவதும் இல்லை. அடுத்த போகத்திற்கு மறுபடி கூடுகின்றனர். விலைப் பலகைக்கும் இந்த ஒழுங்கே தகும். “இவ்விலைகள் இன்ன திகதி வரை” என்று அடியில் எழுதிவிட்டாற் போகத்துக்கு ஒருமுறை கொப்பியைத் திறந்து புதிதாகக் கணக்கிடலாம்.

2022ஆம் ஆண்டை நாம் மறக்கவில்லை. ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களுள் 360 அளவுக்கு ஏறியது. அவ்வாண்டு செப்டெம்பரிற் கொழும்புச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 70ஐத் தொட்டது. அக்காலத்தில் எழுதிய விலை எதுவும் நிலைக்கவில்லை. பலகை எழுதியவர்கள் அழித்தழித்து எழுதினர். அதனாற் பலகையே வேண்டாம் என்று முடிவு செய்தால், மழை பொய்த்த ஆண்டை நினைத்துக் குளமே வேண்டாம் என்பது போலாகும். திகதி இட்ட பலகை விலை மாறும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறது.

சட்டத்தின் பக்கத்தையும் ஒருவார்த்தை கூற வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், பண்டம் விற்பவர் விலையைக் கடையிற் காட்சிப்படுத்த வேண்டும் என்றும், வாங்குபவர் கேட்டாற் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. வாகனச் சேர்விஸ் நிலையங்களுக்குச் சுற்றாடற் பாதுகாப்பு அனுமதிப் பத்திரமும் வேண்டும். எண்ணெயும் கிறீசும் கலந்த நீரை அப்படியே வாய்க்காலில் விட்டால் அது எவருடைய வயலுக்கோ கிணற்றுக்கோ போய்ச் சேரும். குளத்து நீரால் வாழும் ஊரில் அது அடாத செயல். எண்ணெயைப் பிரித்துத் தேக்கும் தொட்டிக்கு ஆகும் செலவும் விலைக்குள் அடங்க வேண்டியதே. மலிவாகக் கழுவுகிறேன் என்று அந்தச் செலவை அயலவர் கிணற்றின்மேற் சுமத்துவது மலிவன்று.

எழுதிய விலை ஏதோ நேற்று வந்த நாகரிகம் என்று எண்ண வேண்டாம். பதினேழாம் நூற்றாண்டின் இங்கிலாந்திலே குவேக்கர் என்னும் சமயக் கூட்டத்தார், ஒரு பொருளுக்கு முதலில் ஒரு விலை சொல்லிப் பின்னர் வேறு விலைக்குக் கொடுப்பது பொய் சொல்வதற்கு ஒப்பாகும் என்று கருதி, எவருக்கும் ஒரே விலையே கூறினர். பேரம் பேசத் தெரியாத சிறுபிள்ளையையும் அவர்கள் கடைக்கு அச்சமின்றி அனுப்பலாம் என்பதனால் அவர்களுடைய வியாபாரம் பெருகியது. 1852 முதல் பாரிஸ் நகரத்து பொன் மார்ஷே கடையை வளர்த்தெடுத்த அரிஸ்தீத் பூசிக்கோவும், பின்னர் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலே ஜோன் வனமேக்கரும் பொருள்தோறும் விலைச்சீட்டைத் தொங்கவிட்டுப் பெருங்கடைகள் கண்டனர். நம் ஊர்ச் சங்கக்கடையும் முடிதிருத்தும் நிலையமும் இதே வழியைத்தான் கைக்கொண்டன. சுவரிலுள்ள பட்டியலைப் பார்த்தபின் முடிவெட்டக் கூலி பேசுவார் எவருமில்லை. வாகனம் கழுவும் தொழிலுக்கு மட்டும் இது புதிதாகத் தோன்றக் காரணமும் இல்லை.

இத்தொழிலுக்கு இப்போது தேவையும் இருக்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்தாண்டுகளிற் பழைய வாகனத்தையே பேணி வைக்கும் பழக்கம் நம்மவரிடையே வேரூன்றிவிட்டது. துப்புரவாக வைத்த வாகனம் நெடுநாள் உழைக்கும் என்பதை அனுபவம் கற்பித்தது.

பலகை மாட்டிய முதல் மாதம் நலமாக இருந்தது என்று நான் எழுதினாற் பொய்யாகும். 200 ரூபாவுக்குக் கழுவி வந்த நண்பர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். “சொந்தக்காரருக்குமா பலகை?” என்று சிறியதாயார் ஒருவர் வீட்டு வாசலில் நின்று கேட்டாராம். முழுத் துப்புரவுக்கு வந்தவர்களிற் பாதிப்பேர் விலையைக் கண்டு திரும்பிப் போயினர். மாத வருமானம் குறைந்தது. பையன் பலகையைக் கழற்றிவிடப் போகிறேன் என்று தொலைபேசியிற் சொன்னான். “கொப்பியைத் திறந்து கையில் மிஞ்சியதைப் பார்” என்றேன். பார்த்தான். வந்த பணம் குறைந்திருந்தது. மிஞ்சிய பணம் கூடியிருந்தது. போனவை பெரும்பாலும் நட்டம் தந்த வேலைகள். அம்மாதம் முதன்முறையாக வட்டியை உரிய திகதியிற் கட்டினான். பேரம் பேசிய நேரம் மீந்ததனால் மேலும் சில மோட்டார் சைக்கிள்களைக் கழுவ முடிந்தது. அந்த ஆசிரியை திரும்பி வந்தாரோ இல்லையோ, பலகையைக் கண்டு பெண்கள் பலர் தனியாகவே வரத் தொடங்கினர் என்பது தாயார் தந்த செய்தி.

மூத்தோருக்கும் ஏழைகளுக்கும் இரக்கம் காட்ட இடமில்லையா என்று சிலர் கேட்கலாம். முகம் பார்த்து விலை சொல்லும் பழைய வழக்கிலும் ஒரு நீதி இருந்தது. இருப்பவரிடம் கூட வாங்கி இல்லாதவரிடம் குறைத்து வாங்கும் நீதி அது. ஆனால் அந்த நீதிக்கு நீதிபதி ஒருவனே. அவனுக்கு அன்றைக்கு என்ன மனநிலையோ அதுவே தீர்ப்பு. கொடுப்பதாயின் விலையைக் குறைத்துக் கொடாமல், முழு விலையையும் கொப்பியில் எழுதி, அருகே “கொடை” என்று குறிக்குமாறு பையனிடம் சொன்னேன். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பவன் நெடுநாள் கொடுப்பான்.

போகம் ஒன்று கழிந்தபின் மறுபடி சென்றேன். காலை இழந்த அந்த அன்பரின் முச்சக்கர வண்டி பந்தலின் கீழ் நின்றது. வேலை முடிந்ததும் பையன் வழக்கம்போல் கையைப் பின்னே கட்டினான். அவர் பலகையை விரலாற் காட்டினார். “தம்பி, அங்கே 900 என்று எழுதியிருக்கிறாய். கால் இல்லாதவருக்கு வேறு விலை என்று எழுதவில்லையே?” என்றார். பையன் ஒன்றும் சொல்ல முடியாமல் வாங்கிக்கொண்டான். என்னைக் கண்டதும் அவர் சிரித்தார். “இப்போது கிழமைக்கு ஒருமுறை வருகிறேன், ஐயா” என்றார்.

தாயாரின் கையிலே இரண்டு காப்புகளைக் கண்டேன். மற்ற இரண்டும் இன்னும் அடைவிலேதான் இருக்கின்றன. அடுத்த காலபோகத்துக்குள் மீட்டுவிடலாம் என்று பையன் கொப்பியைக் காட்டிக் கூறினான்; கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

இந்தப் பத்தியை வாசிக்கும் சகோதரிகளிற் பலர் வீட்டிலிருந்தே சட்டை தைப்பவர்; பலகாரம் சுட்டுக் கொடுப்பவர்; பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர். “எவ்வளவு அக்கா?” என்று கேட்டவுடன் “உங்களுக்குத் தெரியாததா, பார்த்துத் தாங்கோ” என்று சொல்லிவிட்டு, பிறகு இரவிற் கணக்குப் பார்த்துப் பெருமூச்சு விடுவோரும் உங்களுள் இருப்பர். நாளைக்கே ஒரு கொப்பி வாங்குங்கள். பதினான்கு நாட்கள் எழுதுங்கள். உங்கள் கூலியையும் மறவாமற் செலவிற் சேருங்கள். பதினைந்தாம் நாள் ஒரு கடதாசியில் மூன்று வரி விலை எழுதி வாசற்சுவரில் ஒட்டுங்கள். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் இடையிலுள்ள கூச்சத்தை அந்தக் கடதாசி ஏற்றுக்கொள்ளும்.